தொட்டி மேல் ஆன்டெனா

கணவர் தம்பிதுரை இறந்து ஆறு வருடமாகத் தோட்டத்தில் சாந்தாமணி தனியாகத்தான் இருக்கிறாள். செல்போனில் சிக்னல் கிடையாது. கனடாவிலிருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச, உயரமான தண்ணீர்த் தொட்டியின் மேல் இன்டர்நெட் ஆன்டெனா வைக்கச் சொல்லியிருந்தாள்.

கம்பத்தை ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் போல்ட்டை முடுக்க முடியும். ஆன்டெனா மாட்ட சத்தியமங்கலத்திலிருந்து மெல்வின் மட்டும் வந்திருந்தான்.

"ஒத்த ஆளா ஆகுங்களா தம்பி?"

"பாத்துக்கலாங்கம்மா."

அரை மணியில் கம்பம் நேராக நின்றது. மகள் திரையில் வந்தாள். இரண்டே நிமிடம். "தூக்கம் வருதும்மா," என்று வைத்துவிட்டாள்.

மெல்வின் ஏணியருகே நின்றான். "கம்பம் புடிச்சுக் குடுத்த ஐயா இன்னும் எறங்கலீங்களே. கூப்புட்டாச் சிரிக்கிறாருங்க. ஏணிய எடுத்துட்டுப் போகோணும்."

சாந்தாமணி மேலே பார்க்கவில்லை.

"ஏணி இங்கயே இருக்கட்டுங்க தம்பி," என்றாள். "நாளைக்கு வந்து எடுத்துக்கங்க."