பிடி

பாதத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் கழித்து மரியசெல்வி மறுபடி கபடி ஆட இறங்கினாள். முதல் முறை பாடிப்போய் ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்வரை யாருமே பாயவில்லை. கூட்டம் விசிலடித்தது. முன்பெல்லாம் அவள் கணுக்காலுக்கென்றே காத்திருக்கும் எதிரணி லூர்து, இன்று கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

நடுக்கோட்டில் நின்று மரியசெல்வி கேட்டாள்: "ஏன்டி புடிக்கல?"

"எந்தக் கால்ல தகடு வச்சிருக்குன்னு தெரியலக்கா."

அடுத்த முறை மரியசெல்வி யாரையும் தொடப் போகவில்லை. நேராக லூர்துவின் முன்னால் போய், தழும்போடிய இடது காலை நீட்டிக்கொண்டு நின்றாள். லூர்து அந்தத் தழும்பைப் பார்த்தபடியே ஓரடி பின்வாங்கினாள். மரியசெல்விக்கு மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. "கபடி, கபடி" என்று அவள் தொடங்கிய பாட்டு இப்போது "புடிடி, புடிடி" என்று கேட்டது.