மிதாரின் கார் கொட்டகை

அந்த மலையூரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. போர் நடந்த இலையுதிர்காலத்தில் காணாமற்போனவர்களைப் பற்றி 'வருவான்' என்று மட்டுமே பேசலாம். 'எங்கே' என்ற சொல்லை எவரும் எடுக்கக் கூடாது. கேட்க நினைப்பவருக்கும் அதே சட்டம், தெரிந்தவருக்கும் அதே சட்டம்.

ஆகவே விதாக்கின் வீட்டு முன்றிலில் கார் கொட்டகையின் நான்காவது சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே போனவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "மிதார் வந்ததும் காரை நெழல்ல விட்டுக்கலாம்."

பக்கத்து நிலத்து ஒப்ரென் மட்டும் சுண்ணாம்பைக் குழைத்தபடி கேலி பேசுவான். "ஏண்ணே, இது காருக்கா, பீரங்கிக்கா? இவ்வளவு தடியா நம்ம கோயிலுக்குக்கூடச் சுவரு கெடையாதே!"

"கல்லு கெடக்கு. எங்கயாச்சும் வெக்கணும்ல" என்றார் விதாக்.

விதாக்கின் மனைவி ஸ்தானா காபிப் பாத்திரத்துடன் வந்து இருவருக்கும் ஊற்றினாள். அவள் கண் தார்ப்பாய் போர்த்திய சிவப்புக் காரின் மேலேயே இருந்தது. மகன் மிதாரின் கார் அது. இருக்கைகளை அவள் இன்றும் துடைத்துவைக்கிறாள். ஆனால் அடித்தகட்டைத் துரு தின்றுகொண்டிருந்தது. இன்னொரு பனிக்காலத்தை அந்த வண்டி வெளியில் நின்று தாங்காது. பிள்ளை வந்து சாவியைத் திருகும்போது அது கிளம்பியாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

கொட்டகைக்குக் கல் முழுவதும் சொந்த நிலத்திலிருந்தே வர வேண்டும் என்பது விதாக்கின் பிடிவாதம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்கள் முகம் பார்த்து, விளிம்பு பார்த்துக் கல் பொறுக்குவார்கள். விதாக் பொறுக்குவதே இல்லை. மேல்நிலத்தின் ஓர் ஓரத்தில் தொடங்கி, பாறைத்துண்டு முதல் கைப்பிடிச் சரளை வரை வரிசையாகப் புரட்டிக்கொண்டே போவார்.

புரட்டியதும் அவர் கல்லைப் பார்ப்பதில்லை. அடியில் இருக்கும் மண்ணைப் பார்ப்பார். கடப்பாரை நுனியால் மெல்லக் கீறிவிட்டு, வெகுநேரம் குனிந்தே நிற்பார்.

"அப்படி என்னத்தப் பாக்குறீங்க?" என்று ஸ்தானா ஒருமுறை கேட்டாள்.

"விரியன் படுத்திருக்கும்" என்றார். அந்த மலையில் கல்லைத் தூக்குகிற எவரும் விரியனுக்கு அஞ்சத்தான் வேண்டும். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

கூரைக்கு இன்னும் ஒரே ஒரு வரிசை பாக்கியிருந்த அன்று, விதாக் மேல்நிலத்திலிருந்து கைவண்டியை வெறுமையாகத் தள்ளிக்கொண்டு வந்தார். துப்பாக்கிக்காரர்கள் மிதாரை நடத்திக்கொண்டு போனதும் அந்த நிலத்தின் வழியாகத்தான்.

"தீந்துபோச்சு" என்று சுவரடியில் உட்கார்ந்தார்.

"என்ன தீந்துச்சு?"

"கல்லு. நம்ம நெலத்துல இனிப் பொரட்ட ஒரு கல்லு இல்ல."

கல் ஒழிந்த நிலம் அங்கே எவருக்கும் வாய்க்காத வரம். ஸ்தானா வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்துட்டீங்க? வசந்தத்துல உருளைக்கெழங்கு போடலாம், மனுஷா!" அவர் தம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒப்ரென் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன் அத்திமரத்தடியில ஒரு குவியலு கெடக்கே. அதுல ரெண்டு வண்டி குடு. எங்க சுவரும் ஏறிடும், உனக்கும் எடம் ஒழியும்."

கல்லை அள்ளிக்கொண்டு போக ஆள் வந்தால் சாராயம் ஊற்றி அனுப்புகிற ஊர் அது. ஒப்ரென் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"செங்கல் எறக்கித் தர்றேன் அண்ணி. என் செலவு."

"நாலு பக்கமும் கல்லு, தலையில மட்டும் செங்கல்லா? என் புள்ள வந்து கைகொட்டிச் சிரிப்பான்."

"அப்போ சிமென்ட்டுக் கட்டை... நாளைக்கே..."

"உன்கிட்ட எதக் கேட்டாலும் குடுப்பியே தம்பி, இந்தக் கல்லுக்கு மட்டும் என்ன கேடு? நீ அள்ள வேணாம், நானே அள்ளிக்கறேன்." அவள் கைவண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, இரு நிலங்களுக்கும் இடையே இருந்த படலைத் திறந்தாள்.

ஒப்ரென் ஓடிவந்து வண்டியின் முன்விளிம்பைப் பற்றிக்கொண்டான். சுண்ணாம்பு அப்பிய கையாலேயே அதைப் பின்னுக்குத் தள்ளினான். "வேணாம் அண்ணி. அங்க போகாதீங்க."

"விடுடா! பனி விழறதுக்குள்ள கூரை ஏறணும்."

விதாக் மெல்ல எழுந்து வந்து அவள் அருகில் நின்றார். வாய் ஒருமுறை திறந்தது. ஊரின் சட்டம் அதை மூடிவிட்டது. அவர் ஒப்ரெனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்ரென் தலைத்தொப்பியைக் கழற்றினான். ஸ்தானாவை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், விதாக்கிடம் சொன்னான்:

"உங்க நெலத்துல இனிமே தேடாதீங்கண்ணே... மிதார் என் கல்லுக்கு அடியிலதான் இருக்கான்."