முயல் போட்ட மெத்தை

கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பு வீட்டில் வெள்ளை முயல் குட்டி போட்டிருந்தது. சமயபுரத்தில் முந்தாநாள் மொட்டை போட்ட தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தேவிப்ரியா கூண்டைத் திறந்தாள்.

தாய்முயல் தன் வயிற்று முடியைப் பிடுங்கித்தான் குட்டிகளுக்கு மெத்தை போடும். இங்கே குட்டிகள் கிடந்தது நீளமான கறுப்பு முடியில். நுனியில் மருதாணிச் சிவப்பு.

“என்னங்க, பிள்ளை பொழைக்கணும்னு நேந்துக்கிட்டு நான் கோயில்ல குடுத்த முடிங்க இது.”

“வெளையாடாத. போயிப் பிள்ளைக்குப் பாலக் குடு” என்றான் கணவன் ஆனந்தராஜ்.

விடிந்ததிலிருந்து பிள்ளை பாலுக்கு அழவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்த் தொட்டில் துணியை விலக்கினாள். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் பால் இன்னும் காயவில்லை. அடியில் வெதுவெதுப்பாக, பிடுங்கிப் போட்ட வெள்ளை முடி.