ஏமா சிலிர்த்துக்கொண்டது

முத்தியால்பேட்டையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஓதெத் மதாம் வீட்டு முற்றம் முழுக்க மஞ்சள். பாதி காலை வெயில், மீதி மஞ்சள் தண்ணீர். பிரான்சிலிருந்து பென்ஷனோடு திரும்பி, ஊட்டிப் பக்கமிருந்து ஏமா என்ற செம்மறியை வரவழைத்து, இந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் பின்னி விற்கும் மகராசி அவர். கம்பளி நூலுக்குச் சாயமேற்ற மஞ்சள் கரைத்து முக்காலியில் வைத்த அண்டாவை ஏமா முட்டித் தன் மேலேயே கவிழ்த்துக்கொள்கிறது. தலையிலிருந்து வால் வரை ஒரு சிலிர்ப்பு. அவ்வளவுதான், மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக் காசிலிங்கத்தின் கைகள் குவிகின்றன. "மஞ்சத்தண்ணி பட்டு ஆடு சிலுத்துக்கிச்சின்னா ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம் மதாம். இனிமே அது சாமி ஆடு. வெள்ளிக்கிழம வெட்டிடணும்." போன ஆடித் திருவிழாவில் கறிப்பங்கு கிடைக்காத வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று கேள்வி. ஓதெத் ஏமாவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், கன்னமெல்லாம் மஞ்சள். "மொன் தியே, கடவுளே, இது கம்பளிக்குங்க, கறிக்கு இல்ல." "நான் எங்க கறின்னேன், சாமின்னுதானே சொன்னேன்?" ஓதெத் கவிழ்ந்த அண்டாவிலிருந்து ஈர நூலை எடுத்து ஓங்கி உதறுகிறார். தெறித்த மஞ்சள் காசிலிங்கத்தின் வழுக்கையில் விழ, அவரும் தோளோடு சேர்த்து ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கிறார். "அப்ப உங்களுக்கும் வெள்ளிக்கிழமதானா?" ஓதெத் உண்மையாகவே குழம்பித்தான் கேட்கிறார். காசிலிங்கம் வழுக்கையைத் தடவி, விரலை உற்றுப் பார்க்கிறார். "ஈ கடிச்சிருக்கும் மதாம்." "யார, உங்களையா, ஏமாவையா?" அவர் ஏமாவைப் பார்க்கிறார், ஏமா அவரைப் பார்க்கிறது. "ரெண்டு பேரையும்னு வச்சிக்குவோம்."