நாலாவது மூலை

முதலில் அவர் அளவுகோலைப் பற்றிய வரியை அழித்தார்.

டேப்லெட் திரையில் கட்டங்கள் கொஞ்சம் குறைந்தன.

போதாது.

அவர் வரைந்துகொண்டிருந்தது ஒரு மன்னிப்பு. மளிகைக் கடையில், ஆட்டோவில், கோயில் உண்டியலில்கூட ஒட்டியிருக்கிறார்களே, போனை நீட்டினால் படித்துக்கொள்ளும் கட்டம் கட்டமான படம், அந்த வடிவத்தில். வாயால் சொல்வதென்றால் இரண்டு நொடி வேலை. ஆனால் முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வாய் அதற்குப் பழகவில்லை.

சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் தம்பதியின் குழந்தைக்காக ஒட்டுத்துணிப் போர்வை கேட்டிருந்தார்கள். மொத்தம் ஒன்பது சதுரம். வைஃபை, மவுஸ், பேட்டரி என்று ஒன்பதும் அந்தச் சமாச்சாரமாகவே இருக்க வேண்டும். தொலைபேசி நிலையத்தில் ஓய்வு பெற்ற அவர் டேப்லெட்டில் வரைவார். மனைவி வசந்தாமணி அதைப் பார்த்துத் துணி வெட்டித் தைப்பாள். டேப்லெட்டில் தப்பாக வரைந்தால் ஒரு பொத்தானை அழுத்திப் பழையபடி ஆக்கிவிடலாம். அந்த வசதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

துணியில் அந்தப் பொத்தான் இல்லை.

எட்டாவது சதுரமான கம்ப்யூட்டர் சிப்பை வரைந்தபோது, தையலுக்குள் போகும் கால் அங்குலத்தைச் சேர்க்க மறந்துவிட்டார். அவர் கொடுத்த அளவை நம்பி, நல்ல சென்னிமலைத் துணியில் அறுபத்து நான்கு துண்டு வெட்டினாள். ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

உன் அளவுகோல் பழசு என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. இன்று பதினோராம் நாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. ரசத்தில்கூடக் குறை வைக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வரைய உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மன்னிப்பு நீள நீளக் கட்டங்களும் கூடும். முதலில் எழுதிய நான்கு வரி மன்னிப்புக்கு மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் துண்டுகள் வந்தன. தைத்து முடிப்பதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும்.

ஆகவே அளவுகோல் போயிற்று.

'அன்றைக்குக் கண் வலி' போயிற்று.

'நீயும் ஒரு தடவை அளந்து பார்த்திருக்கலாம்' என்பதை அழிக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. நல்ல வரி அது.

கடைசியில் இரண்டு சொல் மிஞ்சியது.

என் தப்பு.

வரிசைக்கு இருபத்தைந்து கட்டம், இருபத்தைந்து வரிசை. மூன்று மூலைகளில் பெரிய பெட்டி. நாலாவது மூலையில் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு குட்டிப் பெட்டி. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் போன் திசை கண்டுபிடிக்குமாம். கட்டங்களுக்குக் கருநீலம் ஊற்றித் தன் போனை நீட்டிப் பார்த்தார். சட்டென்று படித்தது. அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது.

அந்தச் சென்னைக் குழந்தை வளர்ந்து ஒருநாள் தன் போர்வையில் போனை நீட்டினால் என்ன நினைக்கும் என்பதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

கால் அங்குலத்தை மூன்று தடவை சரிபார்த்தார். ஒன்பதாவது சதுரம் என்று பெயரிட்டுக் கூடத்திலிருந்து தையல் அறைக்கு அனுப்பினார். பன்னிரண்டு அடி தூரம். வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. பதினோரு நாளாக அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

மூன்று நாள் மிஷின் ஓடியது.

அது நின்றபோதெல்லாம் அவர் தையல் அறைப் பக்கம் காதைத் தீட்டினார். கீரைக்காரம்மாவிடம்கூடப் போனை நீட்டுகிறவள். பாதியிலேயே புரிந்துகொண்டால்? புரிந்துகொண்டு சிரித்தால்?

சிரித்தால் பரவாயில்லை. புரிந்தும் பேசாமல் இருந்துவிட்டால்?

நாலாம் நாள் காலை, சதுரம் கூடத்துச் சுவரில் குத்தியிருந்தது. கருநீலமும் வெள்ளையுமாக அறுநூற்று இருபத்தைந்து கட்டம். ஒரு நூல் பிசகவில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனை நீட்டினார்.

படிக்கவில்லை.

கிட்டப் போனார். தள்ளி வந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு மேலே ஏறி நின்றார். போன் அசைந்து கொடுக்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தார். நாலு மூலையிலும் பெரிய பெட்டி.

"ஏனுங்க."

வசந்தாமணி ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி பின்னால் நின்றிருந்தாள்.

"மூணு மூலைல பெருசா வச்சுப்போட்டு, நாலாவதுல மட்டும் இத்தினியூண்டு, அதுவும் உள்ள தள்ளி வரஞ்சிருக்கறீங்க. கண்ணு எங்க போச்சுங்க? நல்லவேளைக்கு நான் பாத்தேன். பெருசாக்கி மூலைக்கு இழுத்து வச்சுட்டேன்."

பதினைந்து நாளில் முதல் பேச்சு.

அவர் முக்காலி மேல் நின்றபடியே வாயைத் திறந்தார். மூன்றுதான் இருக்க வேண்டும், நாலாவதும் பெரிதாக இருந்தால் எது மேல் எது கீழ் என்று போனுக்குத் தெரியாது, உலகம் முழுக்க அதுதான் விதி. எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இவ்வளவு சுத்தமாகத் தன் பக்கம் நியாயம் இருந்த நாள் அவர் வாழ்க்கையில் வேறு கிடையாது.

அவளும் இடுப்பில் கை வைத்து அதற்குத்தான் காத்திருந்தாள்.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"என் தப்புதான், மணி."

வசந்தாமணி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு முக்காலியருகே வந்தாள். நெற்றி எட்டவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை.

ஆனாலும் கையை விடவில்லை.