மூன்றை அமுக்கச் சொன்னார்கள்

அவள் மவுஸைத் தொடவில்லை.

திரையில் மாலா நின்றாள். வீடியோவில் வருகிற பெண். அவளுக்கும் பதினாறு வயதுதான் இருக்கும். எவனோ ஒருவன் மாலாவின் போட்டோவை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக இவளைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்போ நான் என்ன செய்யட்டும்?"

கீழே மூன்று கட்டங்கள்.

ஒன்று, அவன் சொல்வதைக் கேட்பேன்.

இரண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவேன்.

மூன்று, நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வேன்.

அமுக்கினால்தான் படம் மேற்கொண்டு நகரும். எதை அமுக்குகிறோமோ அதற்கேற்றபடி மாலாவின் கதை போகும். வயசுப் பிள்ளைகள் வம்பில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது?

ஆனால் பள்ளிக்கூடம் என்றால் சும்மாவா? காலையிலேயே சாந்தாமணி டீச்சர் எல்லாரையும் கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"எல்லாரும் மூணை அமுக்கோணும். மதியம் ஆபீசர் வர்றாரு. ஒருத்தி மாத்தி அமுக்குனாலும் நம்ம ஸ்கூல் பேரு போயிரும், பாத்துக்கங்க."

பிள்ளைகள் ஒத்திகையும் பார்த்தார்கள். மூணு, மூணு, மூணு. மாலாவுக்கு என்ன கஷ்டம் என்று ஒருத்தியும் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

இப்போது ஆபீசர் வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவள் வகுப்பு லீடர். இவள் கம்ப்யூட்டரைத்தான் சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். இவள் அமுக்குவதை லேபே பார்க்கும்.

டீச்சர் இவள் காதோரம் குனிந்தார்.

"அமுக்கு கண்ணு."

போன வாரமும் இதே குரல்தான்.

பஸ் ஸ்டாண்ட் கடையில் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். அதுவும் ஒரு தப்பா? கடைக்காரன் அதிலிருந்த போட்டோவை எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, வேறு எதிலோ ஒட்டி, அவளுக்கே அனுப்பிவைத்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியில் ஏறி அணைக்கு வரவேண்டுமாம். வராவிட்டால் ஊருக்கே அனுப்புவானாம்.

வீட்டில் சொன்னால் முதலில் போனைப் பிடுங்குவார்கள். அப்புறம் படிப்பைப் பிடுங்குவார்கள். அதனால்தான் டிபன் பைக்குள் போனை ஒளித்துக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினாள்.

டீச்சர் போட்டோவைப் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்தார்.

"முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும், கிழியறது சேலைதான் கண்ணு. வெளிய மூச்சு விட்டுறாத. அவனே அடங்கிருவான்."

அவள் இதுவரை சேலையே கட்டியதில்லை. முள்ளை யாராவது வெட்டினால் என்ன என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. சரிங்க டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அவன் அடங்கவில்லை. இன்று காலையும் செய்தி அனுப்பியிருந்தான். நாளன்னிக்கு மறந்துடாதே.

"அமுக்கு புள்ள," என்றார் டீச்சர் மறுபடியும். 'கண்ணு' என்பது போய்விட்டது.

மூன்றாவது கட்டத்தில் ஒரு பெரியவரின் படம் போட்டிருந்தார்கள். கண்ணாடி போட்டு, காட்டன் சேலை கட்டி, சிரித்த முகமாக ஒரு டீச்சர்.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

இரண்டை அமுக்கினாள்.

பெரிய திரையில் மாலா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு சிவப்பு எழுத்தில் வந்தது, தவறான தேர்வு.

"அடிப்பாவி," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

டீச்சர் அவசரமாகச் சிரித்தார்.

"கை தவறிருச்சுங்க சார். நல்லாப் படிக்கற புள்ளதானுங்க."

"கை தவறலீங்க டீச்சர்."

எழுந்து நின்றாள்.

ஆபீசர் பக்கத்தில் வந்தார். கோபமாகத் தெரியவில்லை.

"ஏம்மா, பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லலாம்னு தோணலையா?"

"சொன்னனுங்க சார். மூணைப் போன வாரமே அமுக்கிட்டனுங்க. அதுக்கு எங்க டீச்சர் சொன்ன பதில்தானுங்க இந்த ரெண்டு."

ஆபீசர் திரையைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"நீ மாலாவைச் சொல்றியா?"

"என்னைச் சொல்றனுங்க. ஞாயித்துக்கெழமைதான் எனக்குக் கெடு."

சொல்லியாகிவிட்டது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். வாரம் முழுக்க இறங்காத சோறு இன்றைக்கு இறங்கும் போலிருந்தது.

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிவப்பு எழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. மீண்டும் தேர்ந்தெடுக்கவும். காலை ஒத்திகையில் யாரும் தப்பாக அமுக்காததால் அதை யாரும் பார்த்ததில்லை.

அவள் அதை அமுக்கினாள். நாற்காலியை விட்டு விலகி, மவுஸை டீச்சர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"இன்னொரு தடவை தர்றாங்க டீச்சர். இப்ப நீங்க அமுக்குங்க."

பெரிய திரையில் மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரை நேராகப் பார்த்தாள்.

"இப்போ நான் என்ன செய்யட்டும்?"

லேபில் ஒருத்திகூட மூணு என்று சொல்லிக்கொடுக்கவில்லை.