பழைய அளவு

"கோட்டைப் பிடிக்கும்போது மிச்சத் துணியை வெட்டிடாதீங்க மாஸ்டர். மடிச்சே தைங்க. அப்புறம் பிரிக்க வேண்டி வரும்."

சொல்லிவிட்டுக் கணவனின் கோட்டைத் தையல் மேசைமேல் வைத்தாள் அவள். கூட வந்தவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இப்பதான் வீடு வந்து சேர்ந்திருக்கார். என் கைச் சாப்பாட்டுல நாலே மாசத்துல பழையபடி ஆயிடுவார்."

அவனும் சிரித்து வைத்தான். கொள்ளை வழக்கில் போலீஸ் தேடும் ஆசாமி அவன். பதுங்க இடமில்லாமல் அலைந்தபோது பேப்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 'காணவில்லை. ஞாபகம் தவறியவர்.' மங்கலான போட்டோ, ஏறக்குறைய அவன் ஜாடை. துணிந்து போய்க் கதவைத் தட்டினான்.

திறந்தவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் அவன் நினைத்தான். பத்து நாளாக ராஜ உபசாரம். அலமாரியில் இருந்த மூன்று ஜோடிச் செருப்புகளில் ஒன்று அவன் காலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதைக்கூட அதிர்ஷ்டக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

ஆனால் கட்டின பெண்டாட்டியை ஏமாற்றிவிடலாம், தையற்காரரை ஏமாற்ற முடியுமா? அளவு நோட்டுக்கு முகத்தாட்சண்யம் கிடையாதே.

"அளவெல்லாம் எதுக்கு மாஸ்டர்? கண்ணால பார்த்தே பிடிச்சிடுங்களேன்."

"அது எப்படி சார்? உள்ள வாங்க."

திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. மாஸ்டர் அவன் தோளில் டேப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"சதை ஏறும், இறங்கும். கை எப்படி சார் ரெண்டு இஞ்ச் குறையும்?"

அவன் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்.

"உங்க கால்ல விழறேன் மாஸ்டர். அவகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், முழுசா நம்பிட்டா. இந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. வெளியில போனா ஜெயில்தான்."

மாஸ்டர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

அளவு நோட்டை விரித்து அவன் முன்னால் வைத்தார். பக்கத்தின் தலையில் அந்த வீட்டுக்காரரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மூன்று அளவுகள். மூன்றும் வேறு வேறு. மூன்றின் மேலும் கோடு போட்டிருந்தது.

"முதல்ல இருக்கறது அவங்க புருஷன். மத்த ரெண்டு பேரும் உங்களை மாதிரிதான். விளம்பரத்தைப் பார்த்துட்டு வந்தவங்க."

"அவங்கல்லாம்... இப்ப எங்க?"

மாஸ்டர் கோட்டை உள்புறமாகத் திருப்பிக் காட்டினார். பிரித்துப் பிரித்துத் தைத்த பழைய ஊசித் துளைகள் வரிவரியாகத் தெரிந்தன.

"எனக்கென்ன தெரியும் சார்? ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றது இந்தக் கோட் மட்டும்தான்."

திரைக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அவள் குரல் கேட்டது.

"மாஸ்டர், துணியை வெட்டிடலையே?"